எல்லை தாண்டி எழுதிய பெண்கள்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

பதில்: ஹெலன் மரியா வில்லியம்ஸ். 1790 ஜூலை 14 அன்று, புரட்சியின் முதலாண்டு நிறைவுக்குப் பாரிஸில் நடந்த விழாவை நேரில் பார்த்தார். சாதாரண மனித உணர்வு இருந்தாலே போதும், அந்த நேரத்தில் யாரும் உலகக் குடிமகன் ஆகிவிடலாம் என்று எழுதினார். அதே பாரிஸில் 1793 அக்டோபரில், புரட்சி அரசு பிரிட்டிஷ்காரர்களைப் பிடித்தபோது அவரையும் சிறையில் போட்டார்கள். எதைப் படித்தாலும், எந்த வருடம் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஜேன் ஆஸ்டின்?

பதில்: அவர் நான் பேசும் பக்கம் இல்லை.

கேள்வி: பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் ஸ்காண்டிநேவியக் கடிதங்கள் வெறும் பயண நூல்தானா?

பதில்: அப்படிப் படித்தால் பாதி கைநழுவிவிடும். 1795ல் ஒரு வயதுக் குழந்தையோடு அவர் அங்கே போனது, காதலர் இம்லேயின் காணாமல் போன வெள்ளி ஏற்றிய கப்பல் விவகாரமாக. கடைசியில் ஹாம்பர்க்கில், போரை வைத்துக் கொழுத்த வியாபாரிகளைப் பார்த்துக் கொதிக்கிறார். பணமும் எல்லை தாண்டும் என்பதை அவர் அளவுக்கு வேறு யாரும் கசப்போடு எழுதவில்லை என்பேன். இம்லேயும் அந்த ரகம்தான், அது அவருக்குத் தெரியும்.

கேள்வி: எல்லாரும் அடிமைப் பணத்தில் எழுதியவர்கள்தானே? கவிஞர் சார்லட் ஸ்மித்தின் மாமனாருக்கு, கரீபியன் தீவான பார்படோஸில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்ததே!

பதில்: "எல்லாரும்" வேண்டாம். ஸ்மித் விஷயம் உண்மை. ஆனால் அந்தச் சொத்து வழக்கு 1806ல் அவர் சாகும்வரை முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அவர் எழுத்துதான்.

கேள்வி (அதே நபர்): மழுப்புகிறீர்கள். சொத்து வந்திருந்தால் வாங்கியிருப்பார்!

பதில்: வாங்கியிருப்பார், அதற்காகத்தானே வழக்காடினார். அதே ஸ்மித் புரட்சியை ஆதரித்துக்கொண்டே, அதற்குப் பயந்து ஓடிவந்த பாதிரியார்களுக்கும் இரங்கி 1793ல் நீள்கவிதை எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன், மன்னிக்கச் சொல்லவில்லை.

கேள்வி: வில்லியம்ஸ் அடிமை வணிகத்தை எதிர்த்துக் கவிதை எழுதினாரே?

பதில்: 1788ல். கப்பலில் எத்தனை அடிமைகளை ஏற்றலாம் என்று வரம்பு வைத்த சட்டத்தை வரவேற்று எழுதியது. அந்த வணிகத்தையே ஒழித்த சட்டம் வந்தது 1807ல். வருடம் பாருங்கள் என்றேனே!

கேள்வி: ஆஸ்டின் பற்றி ஒரு வரியாவது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இந்தியா பற்றி?

பதில்: எலிசபெத் ஹாமில்டன், 1796. ஓர் இந்து ராஜா இங்கிலாந்து போய் எழுதும் கடிதங்களாக ஒரு நாவல். ஆங்கிலேயரை நன்றாகவே கிண்டலடிக்கிறார். சமர்ப்பணம் யாருக்கு? வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு! அந்நியர் குரலில் பேசினாலே பரந்த மனசு என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தாலையும் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஜெர்மனி பற்றிய அவர் நூலை 1810ல் நெப்போலியனின் போலீஸ் அழித்தது. 1813ல் லண்டனில் வெளிவந்தது. மற்றதை அடுத்த முறை பேசலாம்; பார்படோஸ் நண்பர் இன்னும் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார்.