ஓவியர் வரைந்த அச்சுத் துணிகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, அம்மம்மா வீட்டுக் கதவுச்சீலையின்ரை ஓரத்திலை இங்கிலிசிலை ஏதோ அடிச்சிருக்கு. தையலைப் பிரிச்சுப் பாக்கலாமோ?

பதில்: பிரிக்கலாம் தங்கச்சி, வெட்டாதேங்கோ. ஓர எழுத்தில் வடிவத்தின் பெயர், வரைந்தவர், கம்பனி இருக்கலாம். பக்கத்தில் நிறப் பொட்டுகள் இருந்தால் எண்ணிப் பாருங்கோ. ஒரு பொட்டு ஒரு நிறம், ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (சாயத்தைத் துணியில் வடிவமாக இறக்கும் வலை). பெயர் கிடைத்தால் துணியின் வயது தெரிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். பிரித்தானியத் துணி வடிவமைப்பாளர் லூசியன் டேயின் 'கலிக்ஸ்' வடிவம் 1951இல் வந்தது. ஆனால் நல்லாய் விற்ற வடிவத்தைக் கம்பனிகள் நிறம் மாற்றித் திரும்பவும் அடிக்கும். 1884க்குப் பிந்திய பிரித்தானிய 'ஆர்.டி.' (Rd) பதிவு இலக்கமும் வடிவம் பதிந்த ஆண்டைத்தான் காட்டும்.

கேள்வி: அப்ப துணி அடிச்ச காலத்தை எப்பிடிப் பிடிக்கிறது?

பதில்: வடிவம் திரும்பி வரும் நீளத்தை அளவுங்கோ. மேசையில் இழுக்காமல் விரித்து, ஒரு இலை நுனியில் தொடங்கி, அதே நுனி மூன்று தரம் திரும்பி வரும் இடம் வரை அளந்து மூன்றால் பிரிக்க வேணும். செப்பு உருளையில் அடித்தது பெரும்பாலும் 40, 45 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். கோடுகள் மயிர் போல நுணுக்கமாக விழும். அதைவிடப் பெரிதென்றால் தட்டை ஸ்கிரீனை (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை) நினையுங்கோ: இரண்டு தரம் அடித்த இடம் சேரும் வரியில் நிறம் ஒன்றன்மேலொன்று ஏறியிருக்கும், அல்லது மெல்லிய வெள்ளை இடைவெளி தெரியும். 64 சென்ரிமீற்றர் வந்தால் 1963க்குப் பிறகு பரவிய சுழல் ஸ்கிரீனாகவும் (உருளை வடிவில் சுழலும் ஸ்கிரீன்) இருக்கலாம். தோய்த்த பருத்தி சுருங்கும், அதனால் 62 வந்தாலும் இதே சந்தேகம்தான்.

கேள்வி: சட்டைத் துணியிலை பிக்காசோ கையெழுத்து இருக்கு. உண்மையானதோ?

பதில்: கையெழுத்தும் அச்சுத்தான், அது மட்டும் சாட்சி இல்லை. 1955இல் அமெரிக்காவின் ஃபுல்லர் ஃபேப்ரிக்ஸ் பிக்காசோ, மீரோ, ஷகால் ஆகியோரின் படங்களிலிருந்து எடுத்து கஜக் கணக்கில் சட்டைத் துணி விற்றது. ஓர எழுத்தில் கம்பனி பெயர் இல்லையென்றால் விலை பேசாதேங்கோ.

கேள்வி: இது பத்திக்கோ, பத்திக் போல அடிச்சதோ?

பதில்: பின்பக்கத்தைப் பாருங்கோ. பத்திக், அதாவது மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்தது என்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிறம். மெழுகு வெடித்த கோடு ஒன்றைப்போல மற்றது இராது. அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறும், அதே வெடிப்பு ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் வந்து நிற்கும். இலங்கைப் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் பெந்தோட்டை ஹோட்டல் கூரைத் துணிகள் பத்திக். அதை அச்சுத் துணியோடு சேர்க்காதேங்கோ.