தண்டவாளத் துண்டு வேண்டாம், பில்லோடு ஒரு உருளை வாங்குங்கள்

கேள்வி: வீட்டுக் கொட்டகையில் சின்னதாக உலை போட்டிருக்கிறேன். அரிவாள், களைக்கொத்து அடித்துப் பழக ஆசை. காய்ந்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல், வளைப்பதற்குக் கூம்பான கொம்பு வைத்தது, 25 கிலோ 'ஸ்டீல்', ஆன்லைனில் 8,000 ரூபாய் என்கிறார்கள். தெரிந்த புரோக்கர் தண்டவாளத் துண்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். தடித்த இரும்பு உருளை ஒன்று போதும்.

கொம்பு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். நம் ஊர்க் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அரிவாள் அடித்தது மரக்கட்டையில் பதித்த சதுர இரும்பின் மேல்தான். உங்களுக்கு வேண்டியது எடை. அந்த எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும்.

ஆன்லைனில் 'ஸ்டீல்' என்று போட்டு விற்பதில் நிறைய வார்ப்பிரும்பு, அதாவது உருக்கி அச்சில் ஊற்றிய, எளிதில் உடையும் இரும்பு. அடித்தால் உள்வாங்கும், ஓரம் பொரியும். நானும் ஒருமுறை பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். மூன்றாம் மாதம் ஒரு மூலை உடைந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. இன்னொரு மூலையில் ஏற்கெனவே இருந்த பொரிவைப் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். விளம்பரத்தில் ஸ்டீல் என்று எழுதுகிறவனை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் கோபம்.

பழைய கல்லைப் பார்க்கப் போனால் அரை அங்குல பேரிங் குண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். பத்து அங்குல உயரத்திலிருந்து போடுங்கள். கடினப்படுத்திய நல்ல கல்லில் ஏழெட்டு அங்குலம் துள்ளும். வார்ப்பிரும்பில் 'தொப்' என்று விழும், மூன்று அங்குலம் வந்தாலே அதிகம். அடிப்பக்கத்தில் சின்னத் துளை போட்டுப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. ஸ்டீல் சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு கருப்புத் தூளாக உதிரும்.

தண்டவாளம் அருமையான இரும்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படும்படியான ரயில்வே சொத்து உங்களிடம் இருந்தால், நியாயமாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். முடியாவிட்டால், முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. விற்ற புரோக்கர் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார். சரி, முறையாக வாங்கலாம் என்றால் ரயில்வே பழைய இரும்பை டன் கணக்கில் ஏலம் விடுகிறது. ஓரடித் துண்டு வேண்டும் என்கிற மனிதனுக்கு அங்கே கதவே இல்லை. நேர்மையாக வாங்க நினைப்பவனைப் புரோக்கரிடம் தள்ளுகிற ஏற்பாடு இது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உத்தரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு போட்டுத் தளம் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் சிலவற்றில் தண்டவாளத்தையே உத்தரமாகப் போட்டிருப்பார்கள். வீடு இடிக்கும்போது அது விலைக்கு வரும். அப்படிக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் வீட்டுக்காரரிடம் முகவரி, தேதி, எடை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இடிக்கும் முன் உத்தரம் சுவரில் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். இடிப்புக் கான்ட்ராக்டரிடம் வாங்கினால் வீட்டுக்காரர் அவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டின் நகலும் வேண்டும். 'பழைய வீட்டுச் சரக்கு' என்று வாயால் சொல்வது போதாது. அப்புறம், அதைப் படுக்கப் போடாதீர்கள், நடுவில் மெலிந்த இடம் அதிரும். நிமிர்த்தி நட்டு, வெட்டுமுகத்தின் மேல் அடியுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால், கோவையிலோ அம்பத்தூரிலோ இரும்பு உருளை விற்கும் கடைக்குப் போய் ஈஎன் 8 என்கிற நடுத்தரக் கார்பன் ஸ்டீல் ரகத்தைக் கேளுங்கள். ஐந்து அங்குல விட்டம், ஓரடி நீளம், சுமார் 30 கிலோ வரும். முழுக் கம்பியாக எடு என்பார்கள். மீதமான வெட்டுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். குண்டு இதில் அவ்வளவு துள்ளாது, பரவாயில்லை. சிவக்கக் காய்ந்த இரும்பு இதைவிட மெத்து. ஒரு கிலோ சுத்தியலுக்கு இது தாராளம்.

ஓரத்தைக் கிரைண்டரில் லேசாக உருட்டிவிடுங்கள். புளிய மரக்கட்டையில் இரண்டங்குலம் குடைந்து உருளையை நிமிர்த்தி இறக்குங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி எங்கே வருகிறதோ, கல்லின் முகம் அந்த உயரத்தில் இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் முதல் அடியைக்கூட அடிக்காதீர்கள்.