ராத்திரியில் திருத்தும் வேலை

அன்புள்ள அக்கா,

நான் வீரவநல்லூர்க்காரி. நான்கு வருஷமாக வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை பார்க்கிறேன். லண்டனில் ஒருவர், அமெரிக்காவில் இரண்டு பேர். அவர்களுடைய மெயில், காலண்டர், பில், பயண ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. வேலை கூடிவிட்டதால், பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்த இரண்டு பெண்களை இன்டர்னாகச் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே அதை இரண்டு தடவை செய்துவிடலாம் போலிருக்கிறது. ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பியதும், செய்து வைத்ததையெல்லாம் திறந்து ராத்திரி பன்னிரண்டு வரை திருத்துகிறேன். சுமை குறையும் என்று சேர்த்தேன், கூடித்தான் இருக்கிறது. அனுப்பிவிடலாமா? நீங்களும் இந்த வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த ராத்திரி பன்னிரண்டு மணிதான். நீங்கள் திருத்துவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தாங்கள் செய்ததே சரியாகப் போயிருக்கிறது என்று நம்பி, மறுநாளும் அதே தப்பைச் செய்வார்கள். நானும் என் முதல் இன்டர்னிடம் எட்டு மாதம் இப்படித்தான் நடந்துகொண்டேன். அவள் எழுதி வைத்த மெயிலை, அவள் போன பிறகு மாற்றி எழுதி அனுப்புவேன். ஒருநாள் அனுப்பிய மெயில்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நான் எழுதுன ஒரு வரிகூட இல்லையே" என்றாள். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவள் முகம் வாடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவள். மதினி கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா அவளுக்குப் பழக்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இலையை நனைத்து, அளவுபார்த்து வெட்டுகிற வேலையை முதல் வாரமே மதினி கையில் முழுசாக விட்டுவிட்டாள். அப்புறம்தான் சுற்றச் சொல்லிக்கொடுத்தாள். மதினி சுற்றியது தளர்வாக இருந்தால் அம்மா அதைச் சரிபண்ண மாட்டாள். மதினியின் சொளவிலேயே திரும்பப் போட்டு, "நீயே பிரிச்சுப் பாரு" என்பாள். மதினி நூலை அவிழ்த்து இலையை விரிப்பாள். தூள் நடுவில் குவிந்து, நுனி வெறுமையாகக் கிடக்கும். அவளே பார்த்துக்கொள்வாள். கடையில் கழித்துவிட்டால் கூலி போகிற வேலை அது. அம்மாவுக்கும் அன்றாடக் கணக்கு இருந்தது. இருந்தாலும் பிரித்துப் பார்க்கிற அந்த இரண்டு நிமிஷத்தை அவள் மிச்சம்பிடிக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் மதினி அம்மாவுக்குச் சமமாகச் சுற்றினாள்.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். பதில்களை எழுதி டிராஃப்டில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். தப்பான வரியைக் காட்டுங்கள், ஆனால் கீபோர்டில் உங்கள் கை படக் கூடாது. மாற்றுவது அவர்களாகவே இருக்கட்டும். ஒரு வகை மெயில் தொடர்ந்து சரியாக வர ஆரம்பித்ததும் அதை அவர்களே அனுப்பட்டும். ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கக் கிடைக்கிற நேரத்தை அதிகபட்சமாக 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே அதை மாற்றிக் கொடுங்கள், பயம் பாதி போகும்.

வேலையைத் துண்டுதுண்டாகக் கொடுக்காதீர்கள். "இதை டைப் பண்ணு, அதை காப்பி பண்ணு" என்று கொடுத்தால் யோசிக்கிற பாரம் உங்கள் தலையிலேயே நிற்கும். லண்டன்காரரின் காலண்டர் முழுவதும் ஒருத்தியுடையது என்று கொடுத்துவிடுங்கள். எதுவரை அவளே முடிவெடுக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். மீட்டிங்கை அரைமணி தள்ளிவைப்பது அவள் முடிவு, ரத்து செய்வதென்றால் உங்களைக் கேட்கணும். பணம் சம்பந்தப்பட்டது எதுவும் உங்கள் கண்ணில் படாமல் போகவே கூடாது.

நமக்குப் பழகிப்போனதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். என் இன்டர்ன் ஒருத்தி, லண்டனில் காலை 10 மணிக்கு வாராவாரம் நடக்கிற மீட்டிங்கை நம் நேரப்படி மூன்றரை என்று காலண்டரில் போட்டு வைத்தாள். குளிர்காலத்தில் அது சரி. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் அது நமக்கு இரண்டரை. அந்த வாரம் வந்தவர் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் இதே மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். மீட்டிங்கை வாடிக்கையாளரின் ஊர் நேரத்தில் போட்டிருந்தால் காலண்டரே பார்த்துக்கொள்ளும். தேதியும் அப்படித்தான். 04/05 என்றால் லண்டன்காரருக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. பில்லில் இது மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னார்களா?

இப்படிப்பட்டதை உட்கார்ந்து எழுத நமக்கு நேரம் வாய்க்காது. வேலையை ஒருதடவை பேசிக்கொண்டே செய்து ஸ்கிரீனை ரெக்கார்ட் பண்ணுங்கள். அதைப் பார்த்து வழிமுறையை அவர்களே எழுதட்டும். அதில் எது விட்டுப்போயிருக்கிறதோ, அது பெரும்பாலும் நீங்கள் சொல்ல மறந்ததாக இருக்கும்.

வாடிக்கையாளர்களிடம் இவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவர்களுடைய மெயிலை இன்னொரு கண் பார்க்கிறது என்றால் அவர்கள் சம்மதம் வேண்டும். பாஸ்வேர்டையும் கையில் கொடுக்காதீர்கள். தன் கணக்கை இன்னொருவர் கையாள ஜிமெயிலிலேயே அனுமதி கொடுக்கலாம், அதை வாடிக்கையாளர்தான் கொடுக்க வேண்டும். மெயிலைப் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கவும் முடியும். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு அனுமதியை எடுத்துவிட்டால் போதும்.

சம்பளம் பற்றியும் எழுதவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வீரவநல்லூருக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறார்கள். பழகுகிற காலம் என்றாலும் கூலி கூலிதான், பஸ் காசு தனி.

இன்றைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறக்காதீர்கள். திருத்த வேண்டியது அப்படியே கிடக்கட்டும். காலையில் மூன்று பேருமாக உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா