நிலவியல் பேராசிரியர்கள் பாறையைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது எதற்கு?

பாறைச் சீவல் என்றால், வைர ரம்பத்தால் அறுத்த கல்துண்டைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்தெடுப்பது. ஏன் இவ்வளவு பாடு? தடித்த திரைச்சீலை வெளிச்சத்தை அடைத்துவிடும், மெல்லிய துணி உள்ளே விடும் இல்லையா, அதே மாதிரி அந்த அளவுக்கு மெலிந்ததும் பெரும்பாலான கனிமங்கள் வழியாக ஒளி புகுந்து வந்துவிடும், அப்புறம் அந்தக் கல் பிறந்த விதமே தெரிய ஆரம்பிக்கும். எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து சட்டென்று ஆறியிருந்தால் பசால்ட் என்ற கருங்கல் வகையில் உள்ளதுபோலப் பொடிப்பொடிப் படிகங்கள். ஆழத்தில் மெதுவாக ஆறியிருந்தால் கிரானைட் மாதிரி பெரிய படிகங்கள். இதை மாணவர் கண்ணால் பார்க்கவைப்பதுதான் இந்த வேலையிலேயே அருமையான பகுதி என்பேன்.

சீவல் படங்களில் மின்னும் நீலமும் ஊதாவும் பாறையின் சொந்த நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை பெரும்பாலும் ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் இரண்டு வடிப்பான்களுக்கு நடுவே படிகம் உண்டாக்கும் நிறங்கள், குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.