ரப்பர் தோட்டத்தை விற்றுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. குலசேகரம் அருகே 60 சென்ட் ரப்பர் தோட்டமும், வீட்டை ஒட்டி ஒரு சிறு மளிகைக் கடையும் உண்டு. என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் ஓராண்டாக மலத்தோடு இரத்தம் போகிறது; அடக்க முடியாமல் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. கொலோனாஸ்கோப்பி செய்து பார்த்த டாக்டர், கதிர்வீச்சினால் மலக்குடல் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கூறி, ஆர்கான் சிகிச்சைக்கு (ஆர்கான் வாயு வழியே மின்சாரம் செலுத்தி, கசியும் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பது) எழுதித் தந்திருக்கிறார். அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் ஆக்சிஜன் அறைச் சிகிச்சை நல்லது என்கிறார் உறவினர் ஒருவர். வங்கியில் 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. தோட்டத்துக்கு ஒருவர் விலை கேட்கிறார். விற்றுவிடலாமா? இப்போது காப்பீடு எடுத்தால் உதவுமா?

பதில்: தோட்டத்தை இப்போது விற்க வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது ஒரே தடவையில் பெரிய தொகையை விழுங்கும் செலவு அல்ல. மாதாமாதம் சிறுகச் சிறுக, சில ஆண்டுகளுக்குக் கூட நீளக்கூடிய செலவு. அதற்கு ஈடுகொடுக்க, நின்று போகாத வருமானம்தான் வேண்டும்.

இந்தப் பாதிப்பின் தன்மையைப் பார்த்தால் காரணம் விளங்கும். கதிர்வீச்சு பட்ட குடல் சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்லச் சுருங்கி அடைபடுகின்றன. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புதிதாக முளைக்கும் மெலிந்த குழாய்கள் எளிதில் கசிகின்றன. சிகிச்சை முடிந்து பல மாதங்களோ, சில ஆண்டுகளோ கழித்தும் இது தலைகாட்டும். பலருக்கு இரத்தக் கசிவு காலப்போக்கில் குறைகிறது. ஆர்கான் சிகிச்சையும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சில தடவைகள் செய்யப்படுவதுதான் வழக்கம். அறுவைச் சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். கதிர்வீச்சு பட்ட திசு ஆறுவதற்கு வெகு நாளாகும் என்பதால் டாக்டர்களும் அதைக் கூடியவரை தவிர்க்கவே பார்ப்பார்கள். நிலத்தை அப்படியொரு கட்டத்துக்கான கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவரின் நிலத்துக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மரங்கள் முதிர்ந்து பால் குறைந்திருந்தால், மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் விற்கலாம். ஆனால் மறுநடவு செய்த கன்று பாலுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதல் செலவாகச் சொல்வேன். படுக்கையறையை ஒட்டி மேற்கத்திய வகைக் கழிப்பறை இல்லையென்றால் உடனே கட்டுங்கள். அடுத்தது பயணச் செலவு. அடக்க முடியாதவர் பேருந்தில் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்வர இயலாது. ஒவ்வொரு முறையும் கார் பிடிக்க வேண்டும், உடன் செல்பவர் கடையை அடைக்க வேண்டும். மருந்துச் சீட்டில் வராத இந்தச் செலவு, இரும்புச்சத்து மாத்திரை, இரத்தப் பரிசோதனை, உறிஞ்சும் உள்ளாடை ஆகியவற்றை மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாதச் செலவு எவ்வளவு என்று அதிலிருந்துதான் தெரியும்.

6 லட்சமும் ஒரே ரசீதில் இருந்தால், முதிர்வு தேதியைப் பார்த்துவிட்டு அதைப் பிரியுங்கள். 1,50,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலும், மீதியை ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு வைப்புகளாக 1,50,000 ரூபாய் வீதமும் வைத்தால், திடீரென்று தேவை வரும்போது ஒன்றை மட்டும் முறித்து அபராத வட்டியைக் குறைக்கலாம். இலையுதிர் காலத்திலும் கடும் மழையிலும் பால் வெட்டு நின்றுவிடும் மாதங்களுக்கும் சேமிப்புக் கணக்கில் இருப்பதுதான் கைகொடுக்கும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் நகையை விற்காமல் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து, வட்டியை மாதந்தோறும் கட்டி வாருங்கள். ஏலத்தில் தொகையைத் தள்ளுபடி செய்து எடுக்கும் தனியார் சீட்டு வேண்டவே வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்றைப் பெற்று, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், டாக்டர் எழுதிய சிகிச்சையின் பெயரைக் காட்டி, அது பட்டியலில் உள்ளதா என்று சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.

தனியார் காப்பீடு இந்த நோய்க்கு இப்போது கைகொடுக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்தையே அவர்கள் மறுக்கவும் கூடும். "கதிர்வீச்சு நடந்ததை எழுத வேண்டாம்" என்று முகவர் யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். 5 ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பாலிசியில்கூட, மோசடி நிரூபணமானால் கோரிக்கையை நிராகரிக்கலாம். உங்கள் பெயருக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசி எடுப்பது நல்லது. வருமானம் ஈட்டும் நீங்கள் படுத்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் சற்றுப் பொறுங்கள். வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என 30 முதல் 40 அமர்வுகள் வரை போகும். வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் செலவும் அத்துடன் சேரும். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட குடல் தொந்தரவுக்குப் பலன் தெரியவில்லை. ஆர்கான் சிகிச்சையின் பலனைப் பார்த்த பிறகு, உறவினரிடம் அல்ல, உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

வைப்புகளைப் பிரித்துப் போடும் அன்றே அவற்றை மனைவியின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றி, வாரிசு நியமனத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.