டிராக்கில் ஓடி, வாய்க்கால் பாலத்தில் ஏறி வீடு திரும்பும் காருக்கு எந்த சஸ்பென்ஷன்?

கேள்வி: வணக்கம் அண்ணே. கும்பகோணம் பக்கம் கிராமம். 2018 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மூன்று முறை ஓட்டிவிட்டேன். வளைவில் கார் ரொம்பச் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போடு என்கிறார் ஒருவர். காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போதும் என்கிறார் இன்னொருவர். டிராக்குக்கு இதே காரைத்தான் ஓட்டிப் போய் ஓட்டி வர வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் டயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

கார் சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுதான் குற்றவாளி என்று தோன்றும். சாய்வது மட்டுமே பிடிப்பைக் கெடுத்துவிடாது. போலோவின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சரிகிறது. டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் வெளி ஓரத்தில் நின்று தேய்கிறது. முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடுத்த முறை டிராக்கிலிருந்து வந்ததும் முன் டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, உள்பக்கம் புதிதாக இருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து நிற்கும் அளவு, போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய ஒன்றரை லட்சம் ஆகாது.

ஆகவே முதல் செலவு நல்ல பிடிப்புள்ள டயர். இரண்டாவது பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டிராக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்பு ஆயிலை மாற்றிவிடுங்கள். பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போகும் காரில் எந்த சஸ்பென்ஷன் போட்டும் பயனில்லை. மூன்றாவது அலைன்மென்ட். கேம்பர் போல்ட்டோ, நகர்த்தக்கூடிய மேல் மவுன்ட்டோ போட்டு முன்பக்கம் இரண்டு டிகிரி அளவுக்கு நெகட்டிவ் கேம்பர் கொடுத்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) சுழியத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கேம்பர் கூட்டினால் டயர் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். நெடுஞ்சாலை ஓட்டத்தில் டயரை அதிகம் தின்பது தப்பான டோதான்.

இந்த மூன்றையும் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் கார் போதவில்லை என்றால் ஸ்பிரிங், ஷாக் பக்கம் வரலாம்.

லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங் ஆடாமல் அடக்குவது ஷாக். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. அதன் மேல் இறுக்கமான, குட்டையான ஸ்பிரிங் வந்தால் ஷாக் அடக்க முடியாமல் திணறும். அது அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிடும். பல வருடங்களுக்கு முன் என் பழைய காரில் நானே இதைச் செய்தேன். ‘பழைய ஷாக்கே தாங்கும் சார்’ என்று கடையில் சொன்னதை நம்பினேன். பாபநாசம் தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பரில்) கார் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு மாதத்தில் முன் ஷாக் இரண்டும் எண்ணெய் கசிந்தன. டிராக்கில் இதே இடி வளைவின் நடுவில் விழுந்தால் அந்தச் சக்கரம் ஒரு நொடியில் பிடிப்பை விட்டுவிடும். ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பே இருக்காது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. ஸ்ட்ரட் முன்பக்கத்தை அதிகம் இறக்கினால், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலேறிச் சாய்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய வைக்கும் விசையும் கூடுகிறது. அதாவது தாழ்ந்த கார் முன்பைவிட அதிகம் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் வாங்கச் சொல்வார்கள். இப்படித்தான் பணம் போகிறது.

நம் சாலையையும் கணக்கில் எடுங்கள். போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மில்லிமீட்டர். அதில் 40 இறக்கினால் மிச்சம் 125. விக்கிரவாண்டி சாலையில் சமாளித்துவிடலாம். அங்கிருந்து உங்கள் கிராமத்துக்குத் திரும்பும் சாலையில் ஒவ்வொரு வாய்க்கால் மதகும் திமில் மாதிரி எழுந்து நிற்கும். அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் டிராக்டரின் கேஜ் வீல் கிழித்த தழும்பு. ஊர்க்காரர்களே போட்ட, வெள்ளை அடிக்காத வேகத்தடை வேறு. இந்தக் காருக்கு 15 முதல் 20 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

சரி, எதை வாங்குவது? ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த செட். பில்ஸ்டைன் பிராண்டில் பி6 காரின் மூல உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கான குட்டை ஷாக். பி8-ஐ ஐபாக் ஸ்பிரிங்கோடு சேர்த்துத் தருவது பி12. கேடபிள்யூ பிராண்ட் காயில்ஓவரில் வேரியன்ட் 1-ல் உயரம் மட்டும் மாற்றலாம். 2-ல் ஷாக் மீளும் வேகத்தையும் மாற்றலாம். 3-ல் அமுங்குவது, மீள்வது இரண்டையும். மூன்று முறை டிராக் பார்த்தவருக்கு 3 வேண்டாம். அத்தனை திருகு இருந்தால் எது காரைக் கெடுத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பணத்துக்குள் இந்தத் தரத்தில் காயில்ஓவர் கிடைக்காவிட்டால், பெயர் தெரியாத மலிவுக் காயில்ஓவரைவிட உயரம் மாற்ற முடியாத நல்ல செட்டே மேல். உங்கள் மாடலுக்கான பாக எண்ணை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒருவர் நியூட்டனில் சொல்வார், ஒருவர் கிலோவில், ஒருவர் பவுண்டில். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு அங்குலத்துக்கு 56 பவுண்டு. ஒரே அளவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். உங்களுடையது முன்சக்கர இழுவை. முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் தள்ளல் கூடும். பின்பக்கம் கொஞ்சம் இறுகினால்தான் கார் திரும்பும். ஆனால் ஐப்பசி மழையில் அதே பின்பக்கம் வழுக்கும் என்பதால் அளவாக. மீளும் திருகையும் முழுக்க இறுக்காதீர்கள். மேடுபள்ளம் தொடர்ந்து வந்தால் ஸ்பிரிங் நிமிர நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகக் கீழே உட்கார்ந்துவிடும்.

மாட்டும் இடத்தில் நீங்களே நில்லுங்கள். மேல் மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் மூன்றும் புதிதாகப் போட வேண்டும். வண்டி லிப்டில் தொங்கும்போது லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

டிராக்கில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும்போது கொஞ்சம் காற்றை இறக்குவீர்கள் அல்லவா? ஆறியதும் அது மிகக் குறைந்துவிடும். காற்று நிரப்பாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. செட் வாங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். டிராக்கில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கச் சொல்வேன்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு மெக்கானிக் கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டித் தருகிறேன் என்கிறார். செலவே இல்லை. செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. மேட்டில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். கேஸ் கட்டரால் வெட்டினால் அந்தச் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும், பின்னால் அங்கேயே உடையும். உங்கள் உயிர் அந்த முனையில் இருக்கிறது.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வீடு. காயில்ஓவரின் மரை உப்புக் காற்றில் இறுகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. துத்தநாகப் பூச்சுள்ள எஃகு உடல் கீறல் விழுந்த இடத்தில் அரிக்கத் தொடங்கும், அதன் மேல் அலுமினிய வளையம் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் எஃகு உடல் உள்ளதை வாங்குங்கள். கேடபிள்யூ வேரியன்ட் வரிசை அப்படித்தான் வருகிறது. எதை வாங்கினாலும் மாதம் ஒரு முறை சக்கர வளைவுக்குள் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மரையை பிரஷ்ஷால் தேய்த்து, வளையத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். மரையில் கிரீஸ் பூசினால் மணல் ஒட்டும், உலர்ந்த வகை மசகு போதும். உயரத்தை மாற்றவே போவதில்லை என்றால் காயில்ஓவர் உங்களுக்குத் தேவையே இல்லை.

கேள்வி: தஞ்சாவூரில் மருத்துவராக இருக்கிறேன். பழைய போர்ஷே 718 கேமன் ஒன்றை வாங்கியிருக்கிறேன், பாஸம் என்ற எலெக்ட்ரானிக் ஷாக் உள்ளது. கோவை செட்டிபாளையம் காரி டிராக்குக்குக் கொண்டுபோக ஆசை. சஸ்பென்ஷனில் என்ன மாற்றலாம் சார்?

பதில்: முதல் வருடம் எதையும் மாற்றாதீர்கள் டாக்டர். பாஸம் உள்ள கேமன் சாதாரணக் கேமனைவிட 10 மில்லிமீட்டர் ஏற்கெனவே தாழ்ந்தது. அந்த எலெக்ட்ரானிக் ஷாக்கைக் கழற்றிச் சாதாரண ஷாக் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். பழைய கார் என்பதால் நான்கு ஷாக்கிலும் கசிவு இருக்கிறதா, புஷ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில், டயரின் வயது, அலைன்மென்ட் இவற்றைச் சரிசெய்யுங்கள். இன்ஜின் நடுவில் இருக்கும் கார் மெதுவாக எச்சரிக்காது, வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றிவிடும். அந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு கேம்பர் போதவில்லை என்று டயர் சொன்னால், ஜிடி4 மாடலில் இருப்பதுபோல ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துக் கேம்பர் கூட்டும் லோயர் ஆர்ம் போடலாம்.

கேள்வி: திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ஷாக் செட் இரண்டே மாதத்தில் கசிகிறது. டிராக்கில் ஒரு நாளும் ஓட்டவில்லை. ‘ரேஸ் ஓட்டியிருப்பீர்கள், வாரண்டி கிடையாது’ என்கிறார் விற்றவர். அவர் கடை வெளிமாநிலத்தில். என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் பந்தயம் ஓட்டினீர்கள் என்று அவர் வெறுமனே சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கசிவையும் பாக எண்ணையும் இப்போதே படமெடுத்து, மாட்டிய பட்டறையில் தேதியோடு ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். இறக்குமதிப் பெட்டி என்றால் அதன் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் படமெடுங்கள். பிறகு பதினைந்து நாள் கெடு வைத்து மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். கசியும் ஷாக்கைப் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஆணையத்தில் அதுதான் உங்கள் சாட்சி.