நரம்பு தைத்தாயிற்று, உணர்ச்சி எப்போது வரும்?

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நான்கு, வெட்டுப்பட்டுத் தைத்த கைநரம்பைப் பற்றியவை. நான்குக்கும் இங்கே ஒன்றாகவே பதில் தருகிறோம்.

கேள்வி: மீன் வெட்டும்போது கத்தி சறுக்கி இவருடைய இடக்கை மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. நடுநரம்பு அறுந்துவிட்டது என்று சத்திரசிகிச்சை செய்து தைத்தார்கள். நாலு மாதமாகியும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கட்டை மாதிரித்தான் கிடக்கின்றன. உள்ளங்கையில் தட்டினால் மட்டும் கரண்ட் அடிப்பதுபோல விரலுக்கு ஓடுகிறதாம். தையல் பிழைத்துவிட்டதா? — வாசகி, கிண்ணியா

பதில்: இல்லை அம்மா. அந்தக் கரண்ட்தான் நல்ல அறிகுறி.

நரம்பை மின்வயர்போல நினைத்துக்கொள்வதால் வரும் பயம் இது. முனைகளைச் சேர்த்த உடனே அதில் உணர்ச்சி ஓடாது. வெட்டுக்குக் கீழே இருந்த இழைகள் முழுவதும் அழிந்து, வெறும் குழாய்கள் மட்டும் மிஞ்சும். மேலிருந்து புதிய இழைகள் முளைத்து அந்தக் குழாய்களுக்குள் இறங்க வேண்டும். தையலைக் கடக்க மூன்று நான்கு வாரம் போகும். அதன்பின் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 17, 18 சென்ரிமீற்றர் என்றால், நுனியில் முதல் உணர்ச்சி தட்டவே ஏழு மாதமளவில் ஆகும். நாலு மாதத்தில் 9 சென்ரிமீற்றர் வந்திருக்கும். அது உள்ளங்கை. கரண்ட் அடிப்பதும் அங்கேதானே?

1915இல் பிரான்ஸில் டினெல், ஜெர்மனியில் ஹொஃப்மன் என்ற வைத்தியர்கள் தனித்தனியே எழுதிவைத்த அடையாளம் இது. மாதம் ஒருமுறை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். கரண்ட் தொடங்கும் இடத்தைப் பேனையால் குறித்து, தழும்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால் இழை நடக்கிறது. மூன்று மாதமாகத் தழும்பிலேயே நின்று, தொட்டால் உயிர்போகும் வலி என்றால் இழைகள் அங்கேயே முடிச்சாகிக் கிடக்கலாம். தைத்த வைத்தியரிடம் தாமதிக்காமல் போங்கள்.

கேள்வி: ஒன்பது மாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டது. ஆனால் நடுவிரலைத் தொட்டால் சுட்டுவிரலைத் தொட்டதுபோல இருக்கிறது. பொக்கற்றுக்குள் கையை விட்டால் திறப்பா குற்றியா என்று தெரியவில்லை. இனி இப்படித்தானா? — வாசகர், உப்புவெளி

பதில்: தைக்கும்போது நரம்பின் உறையைத்தான் சேர்க்க முடியும். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பொருத்த எவராலும் முடியாது. நடுவிரலுக்கு வரவேண்டிய இழை சுட்டுவிரலின் குழாய்க்குள் புகுந்திருக்கும். சுட்டுவிரலுக்கு உரியது நடுவிரலுக்குப் போயிருக்கும். மூளையிடம் இருப்பதோ பழைய வரைபடம். அதைத் திருத்தி எழுத வைப்பதுதான் பயிற்சி, கண்தான் அதற்கு ஆசிரியர். நரம்பு தைத்துவிட்டார்கள் என்று பலர் இந்தப் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய மனக்குறை.

சத்தமில்லாத இடத்தில் உட்காருங்கள். பென்சிலின் அழிறப்பர் முனையால் விரலில் ஒரு கோடு இழுங்கள். முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு கண்ணை மூடி, மறுபடி திறந்து பார்த்து. "நடுவிரல், மேல் கணு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அசையும் தொடுகைதான் முதலில் தெரியும். ஒரே இடத்தில் அழுத்துவது பிறகுதான் பிடிபடும். ஒருமுறைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். அரை மணி நேரம் இழுத்தால் மனம் களைத்து, கை மட்டும்தான் வேலை செய்யும்.

அது பிடிபட்டதும் பொருட்கள். முதலில் வேறுபாடு பெரிதாக இருக்கட்டும்: தும்பும் பஞ்சும், சிப்பியும் சீலைத் துண்டும். பிறகு பயறும் உழுந்தும். அதன் பின் ஒரு கிண்ணம் அரிசிக்குள் பொத்தான், திறப்பு, நட்டு எல்லாவற்றையும் புதைத்துத் தேடி எடுங்கள். ஐந்து ரூபாயையும் பத்து ரூபாயையும் பிரிப்பது கடைசி வகுப்பு. பிழைத்தால் கண்ணைத் திறந்து பார்த்து, நல்ல கையாலும் தடவி, மறுபடி செய்யுங்கள்.

ஒரு கள்ளம் நடக்கும், கவனியுங்கள். சின்னவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் வேறு நரம்பு. அது நல்லாக இருப்பதால், பொருளை நீங்கள் அறியாமலே அங்கே உருட்டிப் பதில் சொல்லிவிடுவீர்கள். அந்த இரண்டு விரலையும் பிளாஸ்ரர் சுற்றி மூடுங்கள். இரும்பு குளிர்ச்சியாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும், அதனால் ஒரே வகை மூலப்பொருளில் செய்தவையாகவும் எடுங்கள்.

கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழைகளைத் தோலில் வளையும்வரை அழுத்தி அளப்பார்கள். பார்க்கத் தங்கூசி போலவே இருக்கும். மெல்லிய இழை தெரிந்தால் உணர்ச்சி கூடியிருக்கிறது. இரண்டு முனையை இரண்டாக அறியும் திறன் கடைசியில்தான் வரும். விரல் நுனியில் இரண்டு முனைக்கும் இடையே 5, 6 மில்லிமீற்றர் இருந்தாலே தெரிவதுதான் இயல்பு. வளர்ந்தவர்களுக்கு அந்த அளவு முழுதாகத் திரும்புவது அரிது, சிறு பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவிடும். ஆனால் திறப்பைத் திறப்பென்று அறியும் நிலைக்குப் பயிற்சியால் வரலாம். முன்னேற்றம் இரண்டு வருடத்துக்குப் பிறகும் தொடரும்.

கேள்வி: நரம்புக்கு விற்றமின் பி கூட்டி எடுத்தால் வேகமாக வளருமா? — வாசகர், மூதூர்

பதில்: உடம்பில் குறை இருந்தால் மட்டும் பயன். பி6ஐ நீண்டகாலம் அதிக அளவில் எடுத்தால் அதுவே உணர்நரம்புகளைக் கெடுக்கும். சிகரெட்டை விடுவதும், நீரிழிவு இருந்தால் சீனி அளவைக் கட்டுப்படுத்துவதும் மாத்திரையைவிட மேல்.

கேள்வி: மகன் கடலுக்குப் போகிறவன். விறைத்த விரலில் சூடு பட்டுக் கொப்பளித்ததே தெரியவில்லை. ஐஸ் பெட்டியில் கை வைத்தாலோ தாங்க முடியாமல் வலிக்கிறது என்கிறான். — தாய், நிலாவெளி

பதில்: இரண்டும் ஒரே நரம்பின் வேலை. குளிர் வலி சில வருடங்கள் இருக்கலாம், சிலருக்கு முழுதாகப் போகாது. உலர்ந்த துணிக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை போட்டு ஐஸைத் தொடட்டும், ஈரமானதும் மாற்றட்டும்.

சட்டிக்குப் பிடிதுணி கட்டாயம். கன்னியா வெந்நீர் கிணறுகளானாலும் வீட்டுச் சுடுதண்ணீரானாலும் நல்ல கையால்தான் பதம் பார்க்க வேண்டும். நரம்பு செத்த விரலில் வியர்வையும் இல்லை. தோல் காய்ந்து வெடிக்கும். இரவில் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அப்போதே வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பிப் பார்த்து, சிவப்பு, கீறல், மீன்முள் இருக்கிறதா என்று தேடுங்கள். அரை மணி நேரம் ஊறவைத்தால் மற்ற விரல்கள் சுருங்கும், விறைத்தது மட்டும் வழவழவென்று இருக்கும். அதுவும் ஒரு நாள் சுருங்கத் தொடங்கினால் அந்தத் திகதியைக் குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.